ஏற்றத்தில் இறங்கியவர்

தோணியில் காலை வைப்பதற்கு முன் மாமி எப்போதும் ஒரு கேள்வி கேட்பார்.

“தாங்குமா, மனே?”

மண்முனைத் துறையில் நிற்கிறவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். தோணிக்காரர் கம்பை ஊன்றிக்கொண்டு, “நடுவுல இரிங்க மாமி. ஓரத்துல இருந்தா வாவியில இரிக்கிற மீனெல்லாம் தோணிக்குள்ள வந்திரும். மறுகா எங்கட ஆக்களுக்குத் தொழிலில்லாமப் போயிரும்” என்பார். மாமியும் சிரிப்பார். ஆனால் ஏறியபின் அக்கரை வரும்வரைக்கும் அசையமாட்டார். கருவாட்டுக் கூடையை மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் அதைச் சுற்றிப் பிடித்து, மூச்சைக்கூட அளந்து விடுகிறவர்போல இருப்பார். நீர் குறைந்த இடத்தில் தோணி சேற்றில் முட்டினால் முதலில் இறங்குகிறவர் அவர்தான். மற்றவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே சீலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, தண்ணீரில் நின்று தோணியைத் தள்ளத் தொடங்கிவிடுவார்.

பிள்ளைகளே, உங்களுக்கு அவரை நினைவிருக்காது. மூத்தவன் தவழ்ந்து திரிந்த காலத்தில் அவர் போய்விட்டார். நம் வளவுக்குத் தெற்கே, இப்போது தையல்காரர் குடியிருக்கும் வளவில்தான் இருந்தார். அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. ஆரையம்பதியில் அந்தப் பெயரைச் சொன்னால் அன்றைக்கே பலருக்குத் தெரியாது. எல்லாரும் ஒரு பட்டப்பெயர்தான் சொல்வார்கள். அது அவருடைய உடம்பைப் பற்றிய பெயர். அதையும் எழுதமாட்டேன். எனக்கு அவர் மாமி. சொந்தத்தால் வந்த மாமி அல்ல. அவருடைய மகனும் நானும் அரிவரி வகுப்பிலிருந்து ஒரே வாங்குப் பலகையில் இருந்து படித்தவர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் கொண்டக்டர் ஒரு பெண்ணைப் பார்த்து, “அக்காவுக்கு ரெண்டு டிக்கட்டா?” என்று கேட்டபோது நீங்கள் மூன்று பேரும் சிரித்தீர்கள். நான் உங்களை ஏசவில்லை. ஏசுவதற்கு எனக்கு வாய் இல்லை. ஏன் இல்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். முன்னுக்குப் பின்னாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாமியின் புருஷன் அவருக்கு முப்பது வயதாகுமுன்பே பாம்பு தீண்டி இறந்துபோனார். அதற்குப் பிறகு மாமி கருவாடும் இறால் கருவாடும் காயவைத்து, தோணியில் வாவியின் அக்கரையான படுவான்கரைக்குக் கொண்டுபோய் நெல்லுக்கு மாற்றி வருவார். அந்தப் பக்கத்தில் வட்டை வட்டையாக வயல்தானே. வெள்ளாமை வெட்டுகிற நாட்களில் துறையில் இறங்கி மாட்டு வண்டிலில் போகவேண்டும். நானும் சில தடவை கூடப் போயிருக்கிறேன். வண்டில் வரம்பில் ஏறுகிற இடங்கள் வரும். மாடு தலையைத் தாழ்த்தி முக்கும். வண்டில்காரன் வாயைத் திறக்குமுன் மாமி இறங்கிவிடுவார்.

“நீங்க இரிங்க மாமி. ரெண்டு மாடும் கொழுத்த மாடு” என்று வண்டில்காரன் சொல்வான்.

“அதுக்கு வாயிரிக்கா சொல்ல?” என்பார் மாமி.

ஏற்றம் முடிந்ததும் வண்டில்காரன் நிறுத்துவான். மாமி ஏறமாட்டார். “இன்னொரு ஏத்தம் வருந்தானே. அதுக்குள்ள என்னத்துக்கு ஏறி இறங்குற?” என்று பின்னாலேயே நடந்து வருவார். இப்படிப் போகவேண்டிய வழியில் முக்கால்வாசியும் நடந்துதான் போவார்.

அவர் பிறவியிலேயே அப்படி இருந்தாரா, யாராவது அப்படி ஆக்கினார்களா என்று நான் யோசித்திருக்கிறேன். ஒரு கலியாண வீடு எனக்கு ஞாபகம். பந்தலுக்குள் வாடகைக்கு எடுத்த கதிரைகள். “இரிங்க, இரிங்க” என்று வீட்டுக்காரர் வற்புறுத்த, மாமி ஒரு கதிரையில் இருந்தார். கால் ஒன்று முறிந்து சரிந்துவிட்டார். ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த கதிரை. அதில் யார் இருந்திருந்தாலும் முறிந்திருக்கும். ஆனால் பந்தலே சிரித்தது. மேளகாரர்கூட ஒரு அடி தவறவிட்டார். மாமி எழும்பி, சீலையைத் தட்டிக்கொண்டு, முறிந்த காலைக் கையில் எடுத்து வீட்டுக்காரரிடம் கொடுத்து, “கோவிக்காதிங்க” என்றார். அன்றிலிருந்து ஊரில் அவர் கதிரையிலோ வாங்கிலோ இருந்து நான் காணவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தாலும் முற்றத்து மணலில்தான் இருப்பார். அம்மா பாயைக் கொண்டுவந்தால் வேண்டாம் என்பார்.

“மணல் தாங்கும். மணல் ஒண்டும் சொல்லாது.”

வெள்ளம் வந்த ஒரு மாரியில் வாவியும் கடலும் ஒன்றாகிவிடும்போல இருந்தது. என் அம்மா காய்ச்சலில் எழும்ப முடியாமல் கிடந்தா. முற்றத்தில் இடுப்பளவு தண்ணீர். மாமி வந்து, அம்மாவை முதுகில் போட்டு, என் தங்கச்சியை ஒரு கையில் தூக்கிக்கொண்டு, கல்லு ரோட்டுவரை நடந்தார். மேட்டில் இறக்கி விட்டுவிட்டு, “இன்னும் ஆர் இரிக்கிற?” என்று கேட்டுக்கொண்டு திரும்பித் தண்ணீருக்குள் இறங்கினார். அன்றைக்கு எத்தனை பேரை அவர் சுமந்தார் என்று ஒருவரும் எண்ணவில்லை. தண்ணீர் வற்றியதும் பட்டப்பெயர் மட்டும் பழையபடி வந்துவிட்டது.

இனி ரயில் கதைக்கு வருகிறேன்.

மாமியின் மகன் மலைநாட்டில் ஒரு பட்டினத்துப் புடைவைக் கடையில் வேலைக்கு நின்றான். வருஷத்துக்கு ஒருமுறை வருவான். எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. கூட்டுறவுச் சங்கக்கடையில் நிறுத்துக் கொடுக்கிற வேலை. ஒரு சித்திரை மாதத்தில் தந்தி வந்தது. அதை வாசிக்க மாமி என்னிடம்தான் கொண்டுவந்தார். வயிற்றில் பெரிய ஒப்பரேசன், வெள்ளிக்கிழமை காலையில் செய்கிறார்கள், அம்மாவை உடனே கூட்டிவரவும் என்று இருந்தது. அன்றைக்குப் புதன்கிழமை.

“வெள்ளிக்கிழமைக்கு முந்திப் போயிரலாமா?” என்றார் மாமி.

“இண்டைக்கு ராவு ஏறினா நாளைக்குப் பின்னேரமே போய்ச் சேந்திரலாம் மாமி. நானும் வாறன்.”

“என்னக் கண்டாப் பயப்பிடமாட்டான். சின்னனில பல்லுப் பிடுங்கக்குள்ளயும் என்ட கையத்தான் பிடிச்சுக்கொண்டு நிண்டவன்.”

உடனே பொரிவிளாங்காய் மாவுருண்டை பிடித்தார். அதை ஒரு துணியில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு, அன்றிரவே மட்டக்களப்பில் ரயில் ஏறி, மறுநாள் பொல்காவலையில் மாறி, மலைநாட்டு ரயிலைப் பிடித்தோம். மூன்றாம் வகுப்புப் பெட்டி. பெட்டிக்குப் பெட்டி நடந்து போக வழியில்லாத பழைய வண்டி. மாமி ‘தாங்குமா’ என்று கேட்டுவிட்டு, மர ஆசனத்தின் நுனியில் ஒதுங்கி இருந்தார். நான் உள்ளே தள்ளி இருக்கச் சொன்னேன். “மற்ற ஆக்களுக்கும் இடம் வேணுமே” என்றார். எதிரே ஒரு தோட்டத்துப் பெண் குழந்தையோடு இருந்தாள். மாமி ஒரு பொரிவிளாங்காயை எடுத்துக் குழந்தையின் கையில் கொடுத்தார். மகனுக்கென்று கொண்டுபோனதில் அந்த ஒன்றுதான் குறைந்தது.

நாவலப்பிட்டி தாண்டியதும் மலை நெருங்கிவிட்டது. எனக்கு அதுதான் முதல் மலைப் பயணம். மட்டக்களப்பில் மலை என்று எதைக் கண்டோம்? யன்னலால் தலையை நீட்டிக்கொண்டு வந்தேன். வளைவுகளில் எங்கள் எஞ்சினை நாங்களே பார்க்கலாம். கரும்புகை தள்ளிக்கொண்டு, ஒவ்வொரு அடியாக முக்கி முக்கி ஏறியது. நுவரெலியாவில் சீசன் காலம். முன் பெட்டிகளில் கொழும்பிலிருந்து உல்லாசப் பயணம் போகிற ஆட்கள். இரண்டு மூன்று வெள்ளைக்காரரும் இருந்தார்கள். ஒவ்வொரு குகைக்குள்ளும் ரயில் நுழையும்போது அவர்கள் ‘ஓ’ என்று கத்துவது எங்களுக்குக் கேட்கும். மலைச்சாரல் தூறத் தொடங்கியது. எஞ்சினின் சத்தம் மாறியது. ‘ஹக்… ஹக்…’ என்று நிதானமாக வந்த மூச்சு, திடீரென்று ‘சடசட’ என்று அடித்துக்கொண்டது. தண்டவாளம் நனைந்து சில்லு வழுக்குகிறது என்று பக்கத்தில் இருந்த ஒருவர் சொன்னார். மறுபடியும் மெதுவாக மூச்செடுக்கும், கொஞ்சம் ஏறும், மறுபடியும் வழுக்கும்.

மாமியின் முகத்தைப் பார்த்தேன். வண்டில் மாடு முக்கும்போது எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது.

“பாவம். மூச்சு வாங்குது” என்றார்.

அவருடைய மனதில் கிடந்த ஏக்கத்தைக் குறைக்கலாம் என்று நினைத்தேன். மெய்யாகவே அதற்காகத்தான் சொன்னேன். ஆனால் ஊரில் கேட்டுப் பழகிய பகிடிதான் வாயில் வந்தது.

“உங்களாலதான் மாமி. முழு ரயிலும் ஒரு பாரம், நீங்க ஒரு பாரம். நீங்க இறங்கினா ஓடி ஏறிரும்.”

பெட்டியில் சிலர் சிரித்தார்கள். மாமியும் சிரித்தார். “இறங்கட்டா, மனே?” என்றார்.

“இறங்கிக் கொஞ்சம் தள்ளியும் விடுங்க.”

அதைச் சொல்லி இரண்டு நிமிஷம் போயிருக்காது, ரயில் நின்றுவிட்டது. ஒரு பெரிய வளைவு. ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் மலை. முன் பெட்டிகளிலிருந்து உல்லாசக்காரர் பள்ளத்துப் பக்கம் இறங்கிக் கெமராவால் படம் பிடித்தார்கள். எஞ்சின் மாட்டிக்கொண்டதில் அவர்களுக்கு நல்ல சந்தோசம். நானும், “எஞ்சினப் பாத்திட்டு வாறன் மாமி” என்று அந்தப் பக்கமாக இறங்கி முன்னே ஓடினேன். இருபத்துமூன்று வயது, கூட வந்தவனுக்கு இருக்கவேண்டிய புத்தி இருக்கவில்லை.

எஞ்சின் வியர்த்துக்கொண்டு நின்றது. கரி போடுகிற பெடியன் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கி, மணலை அள்ளி அள்ளித் தண்டவாளத்தில் போட்டுக்கொண்டு போனான். ட்ரைவர் ஊதினார். உல்லாசக்காரர் விழுந்தடித்து ஏறினார்கள். சில்லு ஒருமுறை வழுக்கி, மணலில் பிடித்தது. ரயில் அசைந்தது. பின்னால் ஓடினால் பிடிக்க முடியாது என்று பக்கத்தில் இருந்த பெட்டியில் நான் தாவி ஏறினேன். மாமி தன் இடத்தில் இருக்கிறார் என்றுதான் நினைத்தேன். அடுத்த ஸ்டேசன் வரும்வரைக்கும் அந்த உல்லாசக்காரர்களோடு நின்று, எஞ்சின் ஏறுகிறதைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டு வந்தேன்.

ஸ்டேசனில் இறங்கி எங்கள் பெட்டிக்கு ஓடினேன். மாமியின் இடத்தில் அந்தத் துணிப் பொட்டலம் மட்டும் இருந்தது.

தோட்டத்துப் பெண் அழுதுவிடுவாள்போல இருந்தாள். “அந்தம்மா எறங்கிட்டாங்க அண்ணே. இந்தப் பக்கமா, மலையோரமா. ‘நான் கொஞ்சம் நடக்கிறேன், அதுக்குப் பாரம் கொறையட்டும்’னு சொன்னாங்க. நாங்க வேணாம்னோம், கேக்கல. வண்டி ஊதினதும் ஏறப் பாத்தாங்க. படி ஒசரம், ஏற முடியல. நானும் அந்த ஐயாவும் கையப் புடிச்சு இழுத்தோம். வண்டி நகரவும், ‘விடுங்க, விடுங்க, என்னால நிக்கப்போகுது’ன்னு கைய உருவிக்கிட்டாங்க.”

பிள்ளைகளே, பிளாட்பாரம் இல்லாத இடத்தில் ரயிலிலிருந்து இறங்குவது சுகம். ஏறுவது அப்படியல்ல. வண்டிலும் தோணியும் மட்டும் தெரிந்த எங்கள் ஆட்களுக்கு அது தெரியாது. வண்டில் என்றால் நிற்கும்; இறங்கினவர் நடந்து வந்து சேரும்வரை வண்டில்காரன் பார்த்துக்கொண்டு நிற்பான்.

ஸ்டேசன் மாஸ்டர் யாழ்ப்பாணத்து மனிசன். நான் உளறினதைப் பொறுமையாகக் கேட்டு, கீழ் ஸ்டேசனுக்குத் தொலைபேசியில் பேசினார். “பாதை பாக்கிற ஆக்கள் அவவைக் கண்டு கூட்டிக்கொண்டு போகினம். ஒண்டுக்கும் யோசியாதையும். இனி வாற வண்டி இரவு மெயில்தான். அதில ஏத்தி அனுப்பச் சொல்லியிருக்கிறன். விடிய வந்திடுவா. நீர் இந்த வண்டியில போம். அந்தப் பெடியனோட ஆராவது ஒருத்தர் நிக்கவேணுமெல்லே?”

அவர் சொன்னதும் சரிதான். நான் போனேன்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பின்னேரம் ஐந்து மணி. அவன் நன்றாக மெலிந்திருந்தான். என்னைக் கண்டதும் என் முதுகுக்குப் பின்னால் பார்த்தான்.

“அம்மா எங்க?”

“பின்னால வாறா.”

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்: “ஏத்தத்தில இறங்கிட்டாவா?”

நான் தலையை ஆட்டினேன். அவன் சிரித்தான். சிரிக்கும்போது வயிற்றைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டான்.

“எனக்குத் தெரியும்டா. சின்னனில என்னத் தோளில வெச்சுக்கொண்டு வண்டிலுக்குப் பின்னால நடப்பா. ‘நான் மட்டும் வண்டில்ல இரிக்கிறன்’ எண்டு கேட்டாலும் விடமாட்டா. மாட்டுக்கு நான் பாரமாம். அவக்கு நான் பாரமில்லயாம்.”

பொட்டலத்தைக் கொடுத்தேன். தண்ணீரும் குடிக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஒரு பொரிவிளாங்காயை எடுத்து மூக்கில் வைத்து மணந்துவிட்டு, கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். நான் எழும்பும்போது சொன்னான்:

“விடிய அம்மா வந்தா நிலத்தில இரிக்க விடாத. இந்தக் கட்டில்ல இரிக்கச் சொல்லு. இரும்புக் கட்டில். தாங்கும் எண்டு நான் சொன்னதாச் சொல்லு.”

விடிய மெயில் வந்தது. மாமி இறங்கினார். பாதம் இரண்டும் சரளைக் கல் கிழித்து வீங்கியிருந்தது. கீழ் ஸ்டேசன்வரைக்கும் தண்டவாளத்துக் கட்டைகளில் மழைக்குள் நடந்திருக்கிறார். “பிள்ள எப்படி?” என்பதைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. மெயில் ஒரு மணித்தியாலம் சுணங்கி வந்திருந்தது. நாங்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது அவனை ஒப்பரேசன் அறைக்குள் கொண்டுபோய்விட்டார்கள். கதவு மூடியிருந்தது. “இப்பதான் போனவர், பத்து நிமிஷம் இல்ல” என்றா ஒரு நேர்ஸ்.

கதவுக்கு முன்னால் நீளமான வாங்கு ஒன்று கிடந்தது. ஆஸ்பத்திரி வேலைக்காரர் ஒருவர் இருக்கச் சொன்னார். மாமி அந்த வாங்கைப் பார்த்தார். “தாங்குமா?” என்று வாய்க்குள் சொன்னார். பிறகு சுவரோரமாக நிலத்தில் இருந்தார்.

அவன் சொன்னதை அப்போது நான் சொல்லியிருக்கலாம். வெளியே வந்ததும் அவனே சொல்லட்டும் என்று இருந்துவிட்டேன்.

அவன் கண் விழிக்கவில்லை. டொக்டர் வெளியே வந்து, தன்னால் ஏலுமானதெல்லாம் செய்ததாகச் சொன்னார். நல்ல மனிசன், நெற்றி வியர்வையைக்கூட அவர் இன்னும் துடைத்திருக்கவில்லை. மாமி அவரை நிமிர்ந்து பார்த்து, “உங்களுக்கும் கஷ்டம் குடுத்திட்டம்” என்றார்.

அவனுடைய சாமான்களை எடுக்க வார்ட்டுக்குப் போனோம். கட்டிலில் விரிப்பை இன்னும் மாற்றியிருக்கவில்லை. தலையணைக்குப் பக்கத்தில் அந்தப் பொரிவிளாங்காய் கிடந்தது. அப்போதுதான் அவன் சொன்னதைச் சொன்னேன். ஒரு சொல் விடாமல் சொன்னேன். மாமி கட்டிலைப் பார்த்தார். போய், முழு உடம்பையும் விட்டு, அதில் இருந்தார். கட்டில் ஒருமுறை கிறீச்சிட்டு அடங்கியது. பொரிவிளாங்காயைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டார். ‘தாங்குமா’ என்று கேளாமல் அவர் ஒன்றில் இருந்ததை நான் கண்டது அந்த ஒரு தடவைதான்.

கன நேரத்துக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“மனே, நான் இறங்கினாப் பிறகு எஞ்சின் ஏறினதுதானே?”

அந்த மணல் வாளி என் கண்ணுக்குள் நின்றது. உண்மையைச் சொன்னால், அவர் இறங்கியது சும்மா. ஓம் என்றால், அவர் பாரம் என்று நானே சாட்சி சொன்னதாகிறது.

“ஓம் மாமி” என்றேன். “நீங்க இறங்கினதாலதான் ஏறிச்சு.”

“அதானே. அதால நீயெண்டாலும் வந்து சேந்தாய். பிள்ள தனியக் கிடக்கல்ல.”

என் தலையில் கையை வைத்தார். நான் அந்தக் கைக்குக் கீழே நின்று அழுதேன்.

அவனை அங்கேயே அடக்கம் செய்துவிட்டு ஊருக்கு வந்தோம். அதற்குப் பிறகும் மாமி கருவாடு காயவைத்தார். ஆனால் படுவான்கரைக்குப் போகிறதை விட்டுவிட்டார். தோணி, வண்டில், பஸ் ஒன்றிலும் ஏறவில்லை. மட்டக்களப்புக்குப் போகவேண்டுமென்றாலும் வெயிலில் நடந்தே போய் வருவார். துறைப் பக்கம் போனால் தோணிக்காரர் சத்தம் போடாமல் தலையைக் குனிந்துகொள்வார். ஊரில் பட்டப்பெயர் மெல்ல மெல்ல இல்லாமல் போனது. ஆட்கள் திருந்தினார்கள் என்று சொல்லமாட்டேன். மாமி மெலிந்துபோனார், அவ்வளவுதான். வருஷம் போகப் போக, சீலைக்குள் ஆள் இருக்கிறதோ என்கிற மாதிரி ஆகிவிட்டார்.

அந்த வருஷங்களில் எனக்குக் கலியாணம் நடந்தது. உங்கள் அம்மா தினமும் ஒரு கோப்பை கஞ்சி கொண்டுபோய்க் கொடுப்பா. எனக்கு மட்டும் மாமியின் முகத்தை நேரே பார்ப்பது கஷ்டமாக இருந்தது. சில நாட்களில் நித்திரைக்குள் அந்த ‘சடசட’ சத்தம் கேட்டு முழிப்பேன். உங்கள் அம்மாவுக்கும் நான் ஏன் என்று சொல்லவில்லை.

கடைசியில் மாமிக்கு நடக்க முடியாமல் போனது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கார் பிடித்தேன். ஒழுங்கை மணலுக்குள் கார் வராது. எங்கள் வீட்டுக் கதிரையைக் கொண்டுபோய், அதில் வைத்துத் தூக்கிப் போவோம் என்று அயலில் மூன்று பேரைக் கூப்பிட்டேன். காலை எட்டு மணியிருக்கும். மாமி முற்றத்து மணலில் இருந்தார். கதிரையைக் கண்டதும் என்னைப் பார்த்தார்.

“தாங்குமா, மனே?”

அந்தச் சொல்லைக் கேட்டதும் என்னால் அடக்கிக்கொண்டிருக்க முடியவில்லை. மற்ற மூன்று பேர் நிற்கிறார்கள் என்றும் பார்க்காமல் அவருக்கு முன்னால் மணலில் குந்தினேன்.

“மாமி, அண்டைக்கு நான் பொய் சொன்னனான். நீங்க இறங்கினதால எஞ்சின் ஏறல்ல. மணல் போட்டாங்க. அதாலதான் ஏறிச்சு. உங்களால அது நிக்கவுமில்ல, உங்களால ஏறவுமில்ல.”

மாமி ஆச்சரியப்படவில்லை.

“தெரியும்” என்றார். “நான் வளைவிலதானே நிண்டனான். ஒரு பெடியன் வாளியில மணல் கொண்டுவந்து போட்டான். போட்டாப் பிறகுதான் சில்லு பிடிச்சுது. எல்லாம் பாத்துக்கொண்டுதான் நிண்டன்.”

“அப்ப ஏன் மாமி என்னட்டக் கேட்டீங்க?”

“உன்ட மூஞ்சியப் பாக்கேலாமக் கிடந்திச்சு. உன்ட பகிடியாலதான் நான் இறங்கினன் எண்டு நினைச்சுக்கொண்டு நிண்டாய். எடேய், நீ பிறக்க முந்தியே ஏத்தத்தில இறங்கிப் பழகினவள் நான். நீ சொல்லாட்டியும் இறங்கியிருப்பன். அது உனக்கு விளங்காது. இறங்கினதாலதான் ஏறிச்சு எண்டு உன்ட வாயால வந்தா, உனக்கெண்டாலும் நித்திர வரும் எண்டு நினைச்சன்.”

மூச்சு வாங்கிக்கொண்டார். பிறகு கேட்டார்: “வந்துதா?”

“இல்ல மாமி.”

மாமி மணலைக் கையால் தடவினார்.

“அப்ப ரெண்டு பேரும் சும்மாதான் முழிச்சுக்கிடந்திரிக்கம்” என்றார்.

பிறகு இரண்டு கையையும் என் தோளில் போட்டார். “தூக்கு மனே. கார்க்காரன் சுணங்கப்போறான்.”

கதிரையில் வைத்தோம். நாலு பேரும் நாலு காலைப் பிடித்துத் தூக்கினோம். பாரமே இருக்கவில்லை. கல்லு ரோட்டுக்கு ஏறுகிற மேட்டில், எங்களுக்கு மூச்சு வாங்குவதற்கு முன்பே, மாமியின் கால் ஒன்று கதிரையிலிருந்து கீழே இறங்கி நிலத்தைத் தேடியது.

நான் மற்றக் கையால் அந்தக் காலைப் பிடித்து மேலே எடுத்து வைத்தேன்.

“இரிங்க மாமி” என்றேன். “இரிங்க.”